இடது கை இழைப்புளி

பூதலிங்கம் முதலில் மூக்கைத்தான் நுழைப்பார். இழைப்புளியை இரண்டு கையாலும் வாங்கி, சீவல் வெளியே வரும் பொந்துக்கு நேராக மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய இழுப்பார். கொண்டுவந்தவர் சிரிப்பதா சும்மா இருப்பதா என்று தெரியாமல் நிற்பார். ஆளிவிதை எண்ணெய் வாசம் வந்தால் அது சீமையில் பிறந்து சீமைக்காரன் கையிலேயே நெடுநாள் இருந்த சாமான். தேங்காயெண்ணெய் வாசம் வந்தால் நம்மூர் ஆசாரி கைக்கு வந்து பல காலம் ஆயிற்று. புன்னை எண்ணெய் என்றால் கடற்கரை, வள்ளம் செய்கிறவன் வீடு. இது எதுவும் இல்லாமல் தேயிலை வாசம் மட்டும் அடித்தால் கண்ணைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“சாயாவில குளிப்பாட்டிக் கொண்டாந்திருக்கேரு. கொஞ்சம் பால் ஊத்தினா குடிக்கலாம்” என்பார்.

புது மரத்தைத் தேயிலைச் சாற்றில் ஊறப்போட்டுப் பழசாக்கி விற்கிறவர்கள் உண்டு. அவர்கள் அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதுகிறவர் அவர். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கணக்கு சோற்றுக்கு, மிச்ச நேரமெல்லாம் பழைய இழைப்புளிக்கு. மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் அந்த ஆயுதத்துக்கு இந்த ஊரில் சிந்தேர் என்று பெயர். தச்சன் வீட்டு மூலையில் கிடக்கிற இந்தச் சாமானிலும் அபூர்வமானவை உண்டு, அதற்காகக் கடல்கடந்து கடிதம் எழுதிக் காத்திருக்கிற பைத்தியங்கள் உண்டு என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. தெரிந்த கொஞ்சம் பேர் பூதலிங்கத்தைத் தேடி வருவார்கள். கோவளத்து ஹோட்டல்காரர்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு நாலு சிந்தேர் வேண்டும் என்று வருவார்கள். அவர்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. சுவரில் மாட்ட மான்கொம்பு வாங்கிக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி.

அவர் சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடியும் சின்ன டார்ச்சும் இருக்கும். மூக்கு வேலை முடிந்ததும் டார்ச் வெளியே வரும். முன்முகத்தில் குத்திய பட்டறை முத்திரை தேய்ந்திருந்தாலும் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து வாசித்துவிடுவார். அலகை இறுக்கும் ஆப்பின் தலை வட்டமா சப்பையா, விளிம்புகளை எப்படி மழுக்கியிருக்கிறார்கள், அலகு மேலிருந்து கீழே வரவரத் தடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்ன காலத்துச் சாமான், இன்ன தேசத்துப் பட்டறை என்று சொல்லுவார். விலையைக் கடைசியில்தான் சொல்லுவார். நெட் கஃபேயில் போய் உட்கார்ந்து வெளிநாட்டு ஏலத்தில் எது என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்கும் வழக்கமும் சமீபத்தில் பிடித்திருந்தது. பக்கத்து நாற்காலிப் பையன்கள் சினிமா நடிகைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மரக்கட்டைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

பூஜை வைப்பு வந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. சரஸ்வதிக்கு முன்னால் ஆயுதங்களை வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஆசாரி வீட்டில் ஒருவரும் அவற்றைத் தொடமாட்டார்கள். அது நல்ல வழக்கம்தான். வைப்பதற்கு முன்னால் பழைய சிந்தேரையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்களே, அதுதான் அவருக்குப் பொறுக்காது. தேய்த்த சாமான் சீமைக்காரனுக்குத் தோலுரித்த ஆடு, பழமை போய்விட்டால் விலையும் போயிற்று. அந்த வாரம் முழுக்க அவர் தெரிந்த ஆசாரிமார் வீட்டுக்கெல்லாம் போய்க் கெஞ்சுவார். அவர்கள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் தேய்ப்பார்கள்.

ஒரு குறை உண்டு அவரிடம். குறை என்ன, வியாதி என்றே சொல்லலாம். கண்டுபிடித்ததைச் சும்மா சொல்ல வராது. கூட்டம் வேண்டும். பொருளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, “சொல்லும் பாப்போம், இதில என்ன விசேஷம்?” என்று கேட்டு, எல்லோரும் முழித்த பிறகு மெல்ல வாங்கி, டார்ச்சை அடித்து, “சிந்தேர் பேசும் வே. நமக்குக் காது வேணும்” என்று தொடங்க வேண்டும். அவர் மனைவி உலகம்மைக்கு இந்த வசனம் மனப்பாடம். வீட்டில் தேங்காய் துருவும்போதுகூட, துருவலகு என்னமோ பேசுகிறது, வந்து கேட்டுவிட்டுப் போங்கள் என்று கேலி செய்வாள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. ரசிகர்கள் எந்த ரூபத்தில் வந்தாலும் அவருக்குச் சம்மதம்.

அவருடைய முதல் ரசிகர் ராமசுப்ரமணியன். கிழக்கேகோட்டை அக்ரகாரத்துக்காரர், ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி அலமாரிகள் நிறைய இழைப்புளி அடுக்கிவைத்திருக்கிறார். இங்கிலாந்தில் இதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அவர் அதில் உறுப்பினர். சங்கத்துப் பத்திரிகை தபாலில் வந்தால் பூதலிங்கத்துக்கு ஆள் போகும். இருவரும் படம் படமாகப் பார்ப்பார்கள். ஒவ்வொரு படத்தின் அடியிலும், இதை அடையாளம் கண்டவர் இன்னார் என்று ஒரு பேர் போட்டிருக்கும். பூதலிங்கம் அந்த வரியைத் தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டி வாசிப்பார். தன் பேரை அங்கே வைத்துப் பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசை என்பது எஞ்சினியருக்கும் தெரியும், உலகம்மைக்கும் தெரியும்.

இதெல்லாம் போன வருஷம்வரை இருந்த பூதலிங்கம். இப்போது யாராவது அவரை எக்ஸ்பர்ட் என்று அறிமுகப்படுத்தினால், நான் சாலைக் கடையில் கணக்கெழுதுகிற ஆள் என்று சொல்லிக் காலைப் பார்த்துக்கொள்கிறார். மூக்கு வேலை உண்டு, டார்ச் உண்டு. கூட்டம் கூடாது. வீட்டில் வேறு யார் இருந்தாலும் ஒருநாள் தனியாக வருகிறேன் என்று எழுந்துவிடுகிறார். காரணம் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

போன வருஷம் கரமனை ஆற்றுப் பக்கத்திலிருந்து ரெம்யா என்ற பெண் கடைக்கு வந்திருந்தாள். நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட வேண்டும். “அச்சன் கையில ஒரு இரும்புச் சிந்தேர் உண்டு அண்ணாச்சி. நீங்க வந்து ஒண்ணு பாக்கணும்” என்றாள். அப்பா பெயர் சிவதாணு ஆசாரி. இரும்பு என்று கேட்டதும் பூதலிங்கத்துக்குக் காது நிமிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை எஞ்சினியரையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் இறங்கினார்.

சிவதாணு ஆசாரி முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது தோளிலிருந்து ஒரு தோர்த்துத் துண்டு முழங்கால்வரை தொங்கியது. வந்தவர்களைப் பார்த்துக் கை கூப்பவில்லை. தலையை மட்டும் அசைத்தார். வயதான திமிர் போலிருக்கிறது என்று பூதலிங்கம் நினைத்துக்கொண்டார். ரெம்யா உள்ளேயிருந்து பழைய பனியன் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பூதலிங்கத்தின் மடியில் வைத்தாள்.

துணியை விலக்கியதும் அவர் மூக்கை வைக்கவே மறந்துபோனார். பல்லோடு பல் கோத்து இணைத்த இரும்புத் தகட்டுக் கூடு. உள்ளே ஈட்டி மரம் திணித்து, மேலே வெண்கலத்தில் ஒரு மூடி. ஸ்காட்லாந்துப் பட்டறை வேலை. இப்படி ஒன்றை அவர் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி, விலையையும் சொல்லி எழுந்திருந்தால் எல்லோருக்கும் க்ஷேமம். எஞ்சினியர் அதற்கே பணத்தை எடுத்து வைத்திருப்பார், ரெம்யாவும் படித்திருப்பாள்.

பூதலிங்கம் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். வலது உள்ளங்கைக்கு அது உட்காரவில்லை. இடது கைக்கு மாற்றினார், பொருந்தி உட்கார்ந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி அணைத்துக்கொள்கிற சின்னக் குழிவும் இடது பக்கத்தில்தான் இருந்தது. அவ்வளவுதான், வியாதி கிளம்பிவிட்டது.

எஞ்சினியரிடம் கொடுத்து, “புடிச்சுப் பாருங்க சார். இதில என்ன விசேஷம்?” என்றார். எஞ்சினியர் அப்படியும் இப்படியும் பிடித்துவிட்டு விழித்தார். ரெம்யாவையும் விடவில்லை, சொல்லு பிள்ளே, சொல்லு என்றார். வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தரம் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஆசாரியை மட்டும் கேட்கவில்லை. அவர்தான் கையைத் தோர்த்துக்குள் வைத்துக்கொண்டு உம்மென்று இருக்கிறாரே.

“சிந்தேர் பேசும் வே” என்று தொடங்கினார். இது இடது கைக்காரனுக்கென்று பட்டறையிலேயே பிடி செதுக்கி அனுப்பிய சாமான். இப்படி ஒன்று சீமையிலேயே இருக்கிறதோ இல்லையோ. இதை வைத்திருக்கிறவன் ராஜா. சொல்லிக்கொண்டே டார்ச்சை அடித்துக் காட்டினார்.

தவளை தன் வாயால் கெடும். டார்ச் வெளிச்சம் கைப்பிடியைக் கூட்டோடு பிணைத்த ஆணியின் தலைமேல் விழுந்தது. ஆணித் தலை மரத்துக்கு மேலே நகக்கனம் துருத்திக்கொண்டு நின்றது. பட்டறையில் ஆணியையும் மரத்தையும் ஒன்றாக அராவி மட்டமாக்கித்தான் அனுப்புவார்கள். ஆணி துருத்தினால் பின்னால் யாரோ மரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை அவரே எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். ஆனால் எஞ்சினியர் அதற்குள் ராஜாவாகிவிட்டார். சாமானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பூதலிங்கம் டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ரெம்யா, அச்சா என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆசாரி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் டீ போட உள்ளே போய்விட்டாள்.

எஞ்சினியருக்கு எதிலும் சம்பிரதாயம் உண்டு. வெறும் பணமாகக் கொடுக்கக்கூடாது என்று வெற்றிலை கேட்டு வாங்கி, அதன்மேல் பாக்கையும் அட்வான்ஸையும் வைத்து நீட்டினார். ஆசாரி இடது கையை நீட்டினார். எஞ்சினியரின் கை அப்படியே நின்றது.

“வலது கையை நீட்டும் ஓய். லக்ஷ்மியாக்கும்” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோர்த்து மெல்ல அசைந்தது. வெளியே வந்த கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. நடுவில் உள்ள மூன்றும் அடியோடு போய், தோல் வழவழவென்று மூடியிருந்தது. அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் வெற்றிலையை இடுக்கி வாங்கினார். பணம் சரியப் பார்த்தது. ரெம்யா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

பூதலிங்கத்துக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அந்தப் பிடியை யார் செதுக்கியது, ஏன் செதுக்கியது, ஆணி ஏன் துருத்துகிறது. எஞ்சினியருக்கு வேறொன்று விளங்கியது. அடடா என்று வருத்தப்பட்டவர், உடனே முகம் மலர்ந்து, “அதுக்காகத்தான் இடது கைச் சிந்தேராத் தேடி வாங்கினேரா? பேஷ்” என்றார். ஆசாரி பூதலிங்கத்தைப் பார்த்தார். எஞ்சினியரும் அவர் பக்கம் திரும்பி, “என்ன ஓய், சரிதானே?” என்றார்.

பூதலிங்கம் தலையை ஆட்டினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எஞ்சினியர் பேசிக்கொண்டே வந்தார். பூதலிங்கத்துக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. தப்பாகச் சொன்னதை அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். ஆனைக்கும் அடி சறுக்கும்தானே. ஒரு மனுஷனின் காயத்தை அவன் வீட்டு முற்றத்திலேயே, அவனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, ஊராரைக் கூட்டி விடுகதை போட்டோமே என்பதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. அந்தப் பெண்ணிடம் வேறு, சொல்லு பிள்ளே சொல்லு என்று கேட்டிருக்கிறார். வீட்டில் உலகம்மை இலையைப் போட்டுவிட்டு, சிந்தேர் இன்றைக்குப் பேசவில்லையா என்றாள். சோறு அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு ஏத்தம்பழம் வாங்கிக்கொண்டு தனியாகக் கரமனைக்குப் போனார். ஆசாரி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். இந்த முறை தோர்த்து தோளில் இருந்தாலும் கையை மூடவில்லை. பார்த்தாயிற்று, இனி என்ன என்று நினைத்திருக்கலாம்.

அந்தச் சிந்தேரை ஆசாரியின் அப்பா, பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பும்போது போட்ட ஏலத்தில் எடுத்தாராம். நல்ல வலது கைச் சாமான்தான். கை போன பிறகு இவர்தான் உட்கார்ந்து பிடியைச் செதுக்கியிருக்கிறார். கை போன விதத்தைச் சொல்லும்போது ஆசாரியின் குரல் இறங்கியது. ஒரு கல்யாண வீட்டுக் கட்டில் பாக்கியிருந்தது. மறுநாள் கொடுத்தாக வேண்டும். பூஜைக்கு வைத்திருந்த ஆயுதத்தை விஜயதசமிக்கு முன்னாலேயே எடுத்துவிட்டார். அதே நாள் பலகை அறுக்க மில்லுக்குப் போன இடத்தில் வாள் இழுத்துவிட்டது. தேவி கேட்டு வாங்கிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் வாசல்நிலை வைக்க அவரைக் கூப்பிடவில்லை. ராசியில்லாத கை அல்லவா. கட்டில், பெஞ்சு என்று கிடைத்ததைச் செய்து காலத்தை ஓட்டியிருக்கிறார்.

“நீங்க அன்னைக்கு அப்பிடிச் சொன்னப்பம் உள்ளதைச் சொல்லிரணும்னு நினைச்சேன். சொல்லணும்னா கையை எடுத்துக் காட்டணுமே. அதுக்குக் கூசிக்கிட்டு இருந்துட்டேன்” என்றார் ஆசாரி. “கடைசியில அதையும் காட்ட வேண்டி வந்தாச்சு.”

பூதலிங்கம் இதைக் கேட்டுவிட்டு மன்னிப்பைச் சொல்லி எழுந்திருக்கலாம். ஏமாந்துபோன ஆளாகவே அந்த வீட்டில் அவர் பேர் நிலைத்திருக்கும். அது அவருக்கு முடியவில்லை.

“ஆசாரியாரே, அந்த ஆணி துருத்திக்கிட்டு நின்னதை நான் பாத்தேன்” என்றார்.

ஆசாரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“பாத்துட்டா சொன்னீங்க?”

பூதலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினியரிடம் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். சொல்லுங்கள் என்றார் ஆசாரி. ரெம்யாவுக்குப் பணம் கட்டியாயிற்று. திருப்பிக் கேட்டால் கொஞ்சம் சாவகாசம் வேண்டும். “பூஜைக் காரியம் மட்டும் வேண்டாம், கேட்டீங்களா. அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகணும்” என்றார்.

சொல்லப் போகிறேன் என்று வந்தவர் உடனே சொன்னாரா என்றால் இல்லை. கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி அக்ரகாரத் தெருமுனைவரை போவார். எஞ்சினியர் வாசலில் செருப்புகள் கிடந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிவிடுவார். செருப்பு இல்லாவிட்டால் தூங்குவார் என்று திரும்பிவிடுவார். ஓணம் வந்தது, போயிற்று. பூஜை வைப்பும் வந்தது. அந்த வருஷம் உப்புத்தாள் போடாதீர்கள் என்று சொல்ல அவர் எந்த ஆசாரி வீட்டுக்கும் போகவில்லை. இப்படித் தள்ளிக்கொண்டே போனதற்குத் தண்டனை சீமையிலிருந்து தபாலில் வந்து சேர்ந்தது.

எஞ்சினியர் ஆள் அனுப்பியிருந்தார். போனபோது வீடே விசேஷ வீடு மாதிரி இருந்தது. எஞ்சினியரின் மனைவி ஜெயலக்ஷ்மி தட்டில் மைசூர்பாகு கொண்டுவந்து வைத்தாள். மேஜைமேல் சங்கத்துப் பத்திரிகை விரித்துவைத்திருந்தது. பாதிப் பக்கத்துக்கு அந்த இழைப்புளியின் படம். கீழே எஞ்சினியர் எழுதிய கட்டுரை. எல்லாவற்றுக்கும் அடியில், இதை அடையாளம் கண்டவர் திருவனந்தபுரம் பூதலிங்கம் என்று ஒரு வரி. உம்மிடம் சொல்லாமலே போட்டேன் பார்த்தீரா என்று எஞ்சினியர் அவர் முதுகில் தட்டினார்.

தன் பேரைக் கண்டதும் பூதலிங்கத்துக்கு உள்ளே குபீரென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. உண்மைதான், பொங்கியது. இத்தனைக்குப் பிறகும் இது பொங்குகிறதே என்றுதான் அவர் தன்னை மிக அதிகமாக வெறுத்தார். மைசூர்பாகைக் கையில் எடுக்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிடியை ஆசாரி செதுக்கியதைச் சொன்னார், ஆணியைத் தான் பார்த்ததையும் சொன்னார். பூஜைக் காரியத்தைச் சொல்லவில்லை.

எஞ்சினியர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வகையில் பெரிய மனுஷர்தான்.

“அச்சுல வந்துடுத்தே ஓய்” என்றார் கடைசியில். “நேரில வந்து பாக்கணும்னு ரெண்டு பேர் எழுதியிருக்கா.”

திருத்தம் ஒன்று எழுதிப் போடலாமே என்றார் பூதலிங்கம். எழுதினால் தன்னைத்தான் சிரிப்பார்கள் என்றார் எஞ்சினியர். கட்டுரையில் இருப்பது தன் பேர். ஆயுசு முழுக்கச் சேர்த்த அலமாரி. ஒன்று பொய் என்றால் மற்றதையும் சந்தேகப்படமாட்டார்களா? நமக்குள்ளே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், நடுத்தட்டில் இருந்த அந்த இழைப்புளியை எடுத்துக் கீழ்த்தட்டில் மற்றவைகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். திரும்பி வரும்போது பத்திரிகையின் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்தார். ஆசாரி பேரையும் போட்டிருக்கிறேன், கொண்டுபோய்க் கொடும் என்றார். பூதலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தார்.

கரமனைக்குப் போகிற பஸ்ஸில் அவர் அந்தக் கட்டுரையை எழுத்துக்கூட்டி வாசித்தார். விபத்தில் விரல்களை இழந்த உடைமையாளர், மனம் தளராமல் தேடி அலைந்து இந்த அபூர்வமான இடது கை இழைப்புளியைக் கண்டடைந்தார் என்று எழுதியிருந்தது. எஞ்சினியர் நல்ல மனசோடுதான் எழுதியிருந்தார்.

ஆசாரி வீட்டில் ரெம்யா இல்லை; ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். அவளைத் தவிர இங்கிலீஷ் தெரிந்தவர் அந்த வீட்டில் யாருமில்லை. ஆசாரி படத்தைப் பார்த்ததும் அருகில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். பூதலிங்கம் பக்கத்தை அவருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஸ்காட்லாந்துப் பட்டறை, ஈட்டி மரம், வெண்கல மூடி. ஆசாரி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். ஓரிடத்தில் பூதலிங்கம் நின்றார்.

“கையைப் பத்தியா?” என்றார் ஆசாரி.

“ஆமா. கை போன பொறவு தேடி அலைஞ்சு இதை வாங்கினீங்கன்னு எழுதியிருக்காரு. அவருகிட்ட உள்ளதைச் சொன்னேன் ஆசாரியாரே. மாத்த மாட்டேன்னுட்டாரு.”

“பூஜை?”

“அது இல்ல. அதை நான் சொல்லல்ல.”

ஆசாரி நீளமாக ஒரு மூச்சு விட்டார். சீமைக்காரர்கள் கரமனைக்கு வந்து கேட்கவா போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தன் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பூதலிங்கம் இடது கை விரலால் தொட்டுக் காட்டினார். ஆசாரி வலது கையை நீட்டி, இருக்கிற இரண்டு விரலால் தாளின் ஓரத்தை இடுக்கிக்கொண்டு, அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தாளின் மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டினார்.

“உங்க பேரு எங்க போட்டிருக்கு?” என்றார்.

பூதலிங்கத்தின் பெருவிரல் பக்கத்தைப் பிரித்ததிலிருந்தே கடைசி வரியின்மேல் அழுந்தியிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.